கெண்டைக்கு டியூஷன் எடுத்தது யார்?

கேள்வி: பச்சோந்தியைப் போல மீனும் இடத்துக்கு இடம் நிறம் மாறுமாமே! நம் அரசியல்வாதிகளிடம் டியூஷன் படித்ததோ?
(ஒரு வாசகர், நாகர்கோவில்)

பதில்: முதலில் பச்சோந்தியை விட்டுவிடுங்கள், பாவம். அது பெரும்பாலும் நிறம் மாறுவது எதிராளியை மிரட்ட, ஜோடியைக் கூப்பிட, வெயில் காய. ஒளிந்துகொள்வதில் கெட்டிக்காரன் மீன்தான்.

அடுத்த தடவை உயிரோடு ஜிலேபிக் கெண்டை வாங்கினால், வெள்ளை பிளாஸ்டிக் வாளியில் விட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டுக்குக் கன்னங்கரேலென்று வந்த கெண்டை, கொஞ்ச நேரத்தில் சோகை பிடித்தவன் மாதிரி வெளிறிவிட்டது. "சாகப்போகுது, சீக்கிரம் கழுவுங்க" என்றார் வீட்டம்மா. கறுப்பு வாளிக்கு மாற்றினேன். போன கறுப்பு திரும்பி வந்தது. (குழம்பும் தாமதமானது. அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.)

மீன் தோலில் கிளை கிளையாய் விரிந்த செல்கள் இருக்கின்றன. உள்ளே கறுப்புத் துகள்கள். அவை நடுவில் சுருண்டால் மீன் வெளிறும். கிளைகளுக்குள் பரவினால் கறுக்கும். கண் தரையைப் பார்க்கிறது, மூளை உத்தரவு போடுகிறது. உத்தரவு நரம்பு வழியே போனால் சட்டென்று வேலை நடக்கும், ஹார்மோன் வழியே போனால் நிதானமாக.

இதில் மன்னன், மணலில் படுத்துக் கிடக்கும் தட்டைமீன். நம் நாக்கு மீனுக்குச் சொந்தக்காரன். இத்தாலியின் நேப்பிள்ஸில் பிரான்சிஸ் சம்னர் என்பவர் இவற்றைக் கட்டம் போட்ட தரையிலெல்லாம் விட்டுப் பார்த்து, 1911-இல் படங்களோடு வெளியிட்டார். நம்ம ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரனும் கூட்டாளிகளும் 1996-இல் 'நேச்சர்' இதழில் எழுதியது இன்னும் சுவாரசியம். வெப்பக்கடல் தட்டைமீன் ஒன்று 2 முதல் 8 நொடிக்குள் தரையோடு தரையாகிவிட்டது. சதுரங்கப் பலகையில் விட்டால்? சதுரமெல்லாம் வரையத் தெரியாது. கைவசம் உள்ள சில புள்ளிக்கோலங்களைக் கூட்டிக் குறைத்தே சமாளிக்கிறது.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் லோரியன் ஷ்வைகெர்ட் என்ற ஆய்வாளர் ஹாக்ஃபிஷ் என்ற கடல்மீன் ஒன்றைப் பிடித்தார். பிறகு தோலுரிக்கப் போனால், செத்த மீன் படகுத் தளத்தின் நிறத்துக்கு மாறியிருந்தது. அதன் தோலிலேயே ஒளியை உணரும் புரதம் இருக்கிறது, அதுவும் நிறச் செல்களுக்கு அடியில். தன் நிறம் சரியாக மாறியதா என்று உள்ளேயிருந்தே பார்த்துக்கொள்ளத்தான் இந்த ஏற்பாடு என்று அவர் குழு 2023-இல் எழுதியது.

டியூஷன் விஷயத்துக்கு வருகிறேன். மீன் நிறம் மாறுவது யார் கண்ணிலும் படாமலிருக்க. நீங்கள் சொல்லும் ஆள், புதுக் கரைவேட்டியோடு மேடையேறி, பொன்னாடை போர்த்தி, போட்டோவுக்கும் நிற்கிறார். கெண்டை இவரிடம் என்னத்தைப் படிக்கும்?