டிப்ளோமாக் கடனும் தமிழ் படிக்க விரும்பும் மகளும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். கணவர் செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறார். இவர் வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்கிறார். மூத்த மகள் ஐந்தாம் படிவ இறுதியில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழி, தமிழ் இலக்கியம், வரலாறு மூன்றிலும் சிறப்பாகச் செய்திருக்கிறாள். கணிதத்தில் தேறியிருக்கிறாள், அவ்வளவுதான். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத்தில் சேர்ந்து தமிழும் வரலாறும் படிப்பது அவள் விருப்பம். கோலாலம்பூரில் இருக்கும் தாய்மாமனோ, தமிழ் படித்தால் சோறு கிடைக்குமா என்று கேட்டு, தனியார் கல்லூரி ஒன்றின் கணினி டிப்ளோமா விண்ணப்பப் படிவத்தையே அனுப்பிவைத்துவிட்டார். அண்ணன் பேச்சைத் தட்டவும் முடியவில்லை, பிள்ளையின் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை என்கிறார் அந்தத் தாய்.

அம்மா, கவலைப்படாதீர்கள் என்று நான் எழுதினால் உங்களுக்கு ஓர் இரவு நல்ல தூக்கம் வரலாம். கல்லூரிக் கட்டணம் ஒரு வெள்ளிகூடக் குறையாது. ஆகவே நேராகச் சொல்கிறேன், அந்தப் படிவத்தில் கையெழுத்திடாதீர்கள். கணினி டிப்ளோமா தரமற்ற படிப்பு என்று நான் சொல்லவில்லை. கணிதத்தில் நாட்டமும், விடை கிடைக்கும்வரை ஒரே கணக்கோடு மல்லுக்கட்டும் பிடிவாதமும் உள்ள பிள்ளைக்கு அது நல்ல படிப்பு. உங்கள் மகளின் நாட்டம் எங்கே இருக்கிறது என்பதை அவளுடைய தேர்வு முடிவே காட்டிவிட்டது. தரவுத்தளமும் வலையமைப்பும் கணிதமும் வரிசையாக வரும் படிப்பில் அவள் மனமின்றி உட்கார்ந்து, இரண்டாம் பருவத்தில் நின்றுவிட்டால், படிப்புதான் நிற்குமே தவிர, அதற்காக வாங்கும் பி.டி.பி.டி.என். என்ற அரசாங்கக் கல்விக் கடன் நிற்காது. பாதியில் விட்டவரும் வாங்கிய தொகையைத் திருப்பிக் கட்டியே ஆக வேண்டும். அந்தத் தவணையை உங்கள் அண்ணன் கட்டப்போவதில்லை. தீபாவளி விருந்தில் உறவினர் முன் சொல்லிக்கொள்ளும் பெருமைக்காக ஒரு லாரி ஓட்டுநர் குடும்பம் கடன் சுமப்பதை என்னால் ஏற்க இயலாது.

இத்தனைக்கும் உங்கள் அண்ணன் சொல்வதில் ஒரு பாதி சரிதான். கணினியில் எதையாவது உருவாக்கத் தெரியாமல் பட்டம் மட்டும் வைத்திருக்கும் கலைப்பிரிவு மாணவருக்கு இன்று வேலை தேடுவது கடினம். அதைக் கற்க டிப்ளோமாவும் கடனும் வேண்டும் என்று நினைப்பதில்தான் அவர் தவறுகிறார். உங்கள் மகள் ஆறாம் படிவத்திலேயே சேரட்டும். அதனுடன், வாரத்தில் நான்கைந்து மணி நேரம் ஒதுக்கி, அகப்பக்கம் உருவாக்கும் அடிப்படை நிரலாக்கத்தைத் தானே கற்கட்டும். மெட்ரிகுலேஷன் முதலிய மற்ற வழிகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல உறவினர் நிறையப் பேர் இருப்பார்கள். நான் இந்த ஒன்றைப் பற்றி மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் கற்க வேண்டியது எச்.டி.எம்.எல். இது தலைப்பு, இது பத்தி, இது அட்டவணை, இது படம் என்று ஒவ்வொரு பகுதிக்கும் அடையாளம் இடும் முறை அது. செய்யுளைச் சீர்பிரித்து எழுதப் பழகிய கைக்கு அது அந்நியமாக இருக்காது. கணிதமும் ஏறக்குறையத் தேவைப்படாது. இரண்டு பழக்கங்களை அவள் முதல் நாளிலேயே பிடித்துக்கொள்ள வேண்டும்: பக்கத்தின் மொழி தமிழ் என்று குறிப்பது, எழுத்துகளை, எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூ.டி.எஃப்.-8 குறியீட்டு முறையில் சேமிப்பது. முதலாவதைச் செய்தால் பார்வையற்றோருக்குப் பக்கத்தை வாசித்துக் காட்டும் மென்பொருள் தமிழ்க் குரலைச் சரியாகத் தேர்ந்தெடுக்க முடியும். இரண்டாவதைத் தவறவிட்டால் தமிழ் எழுத்துகள் உருத்தெரியாத குறிகளாகச் சிதறும். தட்டச்சுக்கு முரசு அஞ்சல், செல்லினம் போன்றவை உள்ளன. இரண்டையும் உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டுக்காரர் என்பதை அண்ணனிடம் ஒருமுறை சொல்லிவையுங்கள்.

அடுத்தது சி.எஸ்.எஸ். பக்கத்தின் தோற்றத்தை, அதாவது எழுத்துருவையும் நிறத்தையும் இடைவெளியையும், அது தீர்மானிக்கிறது. ஆங்கிலப் பக்கங்களுக்காக அமைத்த வரி இடைவெளியைத் தமிழுக்கு அப்படியே வைத்தால், மேலே வளையும் இகரக் குறியும் கீழே இறங்கும் உகரக் குறியும் அடுத்த வரியை நெருக்கும். தமிழை ஆழ்ந்து வாசிக்கும் கண்ணுக்குத்தான் அந்த நெருக்கடி உடனே படும்.

மூன்றாவதாக, பக்கத்தை இயங்கவைக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட், அதுவும் சிறிதளவு போதும். தோட்டங்களின் பெயர்ப் பட்டியலை அகர வரிசையில் அடுக்கச் சொன்னால், அந்த மொழியின் இயல்பான வரிசைமுறை, கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் இட்டிருக்கும் யூனிகோட் எண்களைத்தான் பார்க்கும். அந்த எண்வரிசையில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ழகரம் வகரத்துக்கு முன்பும் நிற்பதால், 'மனம்' முன்னால் வந்து 'மயில்' பின்னால் போகும். நம் அகராதியில் மயில்தான் முதலில் வரும். தமிழ் முறைப்படி ஒப்பிடு என்று தனியாகக் கட்டளையிட்டால் வரிசை சரியாகிவிடும். கணினிப் பட்டதாரி பலருக்குக் கண்ணில் படாத இந்தப் பிழை உங்கள் மகளின் கண்ணுக்குத் தப்பாது. இலக்கண அறிவும் நிரல் அறிவும் சேர்ந்த பிள்ளையின் மதிப்பு இங்கேதான் தெரிகிறது.

வெறும் பயிற்சிகளோடு நிற்காமல் ஒரு முழு அகப்பக்கத்தை அவள் கட்டி முடிக்க வேண்டும். உங்கள் ஊரிலேயே பொருள் இருக்கிறது. பெருந்தோட்டங்களைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்ற தோட்டத் துண்டாடல் காலத்தில், தொழிலாளர் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்குவதற்காக, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்த அரசியல் தலைவர் துன் சம்பந்தன் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்தவர். அச்சங்கத்துக்குச் சந்தா கட்டிய முதியவர் எவரேனும் உங்கள் அக்கம்பக்கத்தில் இருந்தால், அவருடைய அனுமதியோடு பேச்சைப் பதிவுசெய்து, எழுத்தாக்கி, பழைய படங்களுக்கு விளக்கமும் ஆண்டும் சேர்த்து, தேடக்கூடிய பக்கமாக அவள் வெளியிடலாம். கிட்ஹப் பேஜஸ் சேவையில் இத்தகைய பக்கத்தைக் கட்டணமின்றி ஏற்றி வைக்க முடியும். நாளை பல்கலைக்கழக நேர்முகத்திலோ பதிப்பகத்திலோ நாளிதழ் அலுவலகத்திலோ அருங்காட்சியகத்திலோ, தான் செய்த வேலை இது என்று அவள் காட்டும் முகவரி, ஒரு வாரப் பயிலரங்கின் சான்றிதழைவிடக் கனமானது.

செலவு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. ஃப்ரீகோட்கேம்ப் தளத்தின் பாடங்களும் மொசில்லாவின் எம்.டி.என். விளக்கங்களும் முற்றிலும் இலவசம். எழுதப் பயன்படும் விஷுவல் ஸ்டுடியோ கோட் செயலியும் இலவசம். பாடங்கள் ஆங்கிலத்தில் இருப்பது முதலில் சிரமம் தரும், ஆனால் அந்த வாசிப்பு, பல்கலைக்கழக நுழைவுக்கான மூவெட் ஆங்கிலத் தேர்வுக்கும் உதவும். கைப்பேசியில் பாடம் படிக்கலாம்; நிரல் எழுத விசைப்பலகை வேண்டும். பழைய மடிக்கணினி ஒன்று போதும், புதியது வாங்கத் தவணை எடுக்காதீர்கள். அதுவும் முடியாவிட்டால், அருகில் அரசாங்கத்தின் நாடி மையம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். கணினியும் இணையமும் அங்கே கிடைக்கும். மூன்று மாதத்தில் நிரலாளர் ஆக்குகிறோம் என்று ஆயிரக்கணக்கான வெள்ளி கேட்பவர்களுக்கு ஒரு காசும் கொடுக்க வேண்டாம்.

இப்போதெல்லாம் செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதிவிடுகிறதே என்று அண்ணன் கேட்பார். எழுதுகிறது, உண்மைதான். எழுதியது சரியா என்று பார்க்க அடிப்படை தெரிந்த ஆள் வேண்டும்; தமிழ்ப் பக்கமென்றால் தமிழும் தெரிந்திருக்க வேண்டும். அந்த வாதத்தை நீட்டினால் அவர் அனுப்பிய டிப்ளோமாவும்தான் அடிபடும்.

இதனால் உங்கள் மகள் மென்பொருள் பொறியாளர் ஆகிவிட மாட்டாள். அப்படி எவரிடமும் சொல்லிவைக்காதீர்கள். அவள் ஆசிரியராகலாம், பதிப்பாசிரியராகலாம், ஆய்வாளராகலாம். எதுவானாலும் தன் எழுத்தைத் தானே இணையத்தில் ஏற்றத் தெரிந்தவளாக இருப்பாள். மூன்று மாதம் உண்மையாக முயன்ற பிறகும் அவளுக்கு இது பிடிக்கவில்லை என்றால் நிறுத்திவிடட்டும். தமிழ் படிக்க அனுமதித்ததற்கு ஈடாக இதைக் கட்டாயமாக்கினால், நீங்களும் அண்ணன் செய்ததையே செய்கிறீர்கள்.

ஆறாம் படிவத்தில் எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்வு மூன்று பருவங்களாக நடக்கிறது. ஒவ்வொரு பருவத் தேர்வுக்கும் ஒரு மாதம் முன்பே நிரல் பயிற்சியை ஒதுக்கிவைத்துவிட வேண்டும். பல்கலைக்கழக இடம் பெரும்பாலும் அந்தப் புள்ளிகளைப் பார்த்துத்தான் கிடைக்கும். முதல் பருவம் தொடங்கும்வரை இருக்கும் இடைவெளியில் எச்.டி.எம்.எல். பகுதியை மட்டும் முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அண்ணனுக்கு நீங்கள் பதில் எழுதும்போது, டிப்ளோமாவின் எல்லாப் பருவங்களுக்கும் சேர்த்த கட்டணம், தங்குமிட வாடகை, மறுதேர்வுக் கட்டணம் மூன்றையும் கல்லூரியிடமிருந்து எழுத்தில் வாங்கி அனுப்புமாறு கேளுங்கள்.