உள்ளங்கைக்குள் அடங்கும் துப்பாக்கிதான் பெண்களுக்கு ஏற்றதா?

கேள்வி: ஹூஸ்டன் பக்கத்தில் நானும் கணவரும் ஒரு கேஸ் ஸ்டேஷன் நடத்துகிறோம். வாரத்தில் சில நாள் நான்தான் இரவு கடையை மூடிவிட்டுக் கலெக்‌ஷன் பணத்தோடு கிளம்புகிறேன். பாதுகாப்புக்குத் துப்பாக்கி வாங்கலாம் என்று போனால், கடைக்காரர் "பெண்களுக்கு இதுதான் சரி" என்று உள்ளங்கை அளவில் ஒரு பிஸ்டலை நீட்டுகிறார். அதை வாங்கி ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொள்ளலாமா? எனக்குக் கிரீன் கார்டு இருக்கிறது. பள்ளிக்குப் போகும் குழந்தைகள் இரண்டு பேர். ஹெச்1பி விசாவில் எங்களோடு தங்கியிருக்கும் என் தம்பியும் சேர்ந்து சுடப் பழகலாமா?
- ஒரு வாசகி, டெக்சாஸ்

பதில்: சகோதரி, தம்பி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், அதுதான் அவசரம். அவரைத் துப்பாக்கி சுடப் பழகும் ரேஞ்சுக்குக் கூட்டிப் போகாதீர்கள். ஹெச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு என்பது போன்ற சில வழிகள் உண்டு, ஆனால் அதையெல்லாம் வழக்கறிஞரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். ரேஞ்சில் வாடகைத் துப்பாக்கியைத்தானே பத்து நிமிடம் பிடிக்கப் போகிறார் என்று நினைத்து அவருடைய விசாவைப் பணயம் வைக்காதீர்கள். வீட்டில் துப்பாக்கிப் பெட்டகம் வைத்தால் அதன் எண்ணும் அவருக்குத் தெரிய வேண்டாம். உங்களுக்குக் கிரீன் கார்டு இருப்பதால் அந்தத் தடை இல்லை, துப்பாக்கி வாங்குவோருக்கான 4473 என்ற மத்திய அரசுப் படிவத்தை நிரப்பிப் பின்னணிச் சோதனை முடிந்தால் வாங்கலாம்.

இனி கடைக்காரர் காட்டிய பிஸ்டல். பெயர் எழுதவில்லை, ஆனால் ரூகர் எல்சிபி வகை .380 பிஸ்டலாக (.380 என்பது தோட்டாவின் அளவு) இருக்கும் என்று ஊகிக்கிறேன். தோட்டா இல்லாமல் 300 கிராம்கூட வராது, கையில் எடுத்ததும் பிடித்துப்போகும். சுடும்போதுதான் தெரியும். துப்பாக்கி எவ்வளவு லேசோ அவ்வளவுக்கு உதை உங்கள் கைக்கு வரும். பிடி குட்டை என்பதால் சுண்டு விரலுக்கு இடமில்லை, குறி பார்க்கும் சைட்டும் கடுகளவு. இப்படிப்பட்டதை வாங்கி, ஒரு பெட்டித் தோட்டா சுட்டுப் பார்த்துவிட்டு, கை வலிக்கிறது என்று அப்புறம் ரேஞ்ச் பக்கமே போகாதவர்கள் நிறையப் பேர். அது நீண்ட நாள் பழகியவர்களின் இரண்டாவது துப்பாக்கி, புதியவர்களின் முதல் துப்பாக்கி அல்ல. "அப்படியானால் ரிவால்வர் எடுங்கள், அதில் சிக்கலே இல்லை" என்று அடுத்ததாகச் சொல்வார்கள். ஸ்மித் அண்ட் வெஸன் 642 மாதிரி குட்டி ரிவால்வரில் தோட்டா ஐந்துதான், ட்ரிக்கரை இழுக்க ஐந்து கிலோவுக்கு மேல் விசை வேண்டும். விரலுக்கு வலு இல்லாவிட்டால் இழுக்கும்போதே குழல் ஆடிக் குறி தப்பிவிடும்.

நீங்கள் பார்க்க வேண்டியது ஒரு படி பெரிய 9 எம்.எம். பிஸ்டல்களை. 2018இல் வந்த சிக் சாவர் பி365 தான் இந்த வகையின் போக்கையே மாற்றியது. அரைக் கிலோ எடை, மூன்று அங்குலத்தை ஒட்டிய குழல், மேகசினில் (தோட்டா அடுக்கும் பெட்டியில்) 10 தோட்டா. அடுத்தடுத்த ஆண்டுகளில் கிளாக் 43எக்ஸ், ஸ்பிரிங்ஃபீல்டு ஹெல்கேட், ஸ்மித் அண்ட் வெஸன் ஷீல்டு ப்ளஸ் எல்லாம் வரிசையாக வந்தன. என்னைக் கேட்டால் 43எக்ஸில் ஆரம்பிக்கச் சொல்வேன். ஒல்லியாக இருக்கும், ஆனால் பிடி நீளம், சுண்டு விரலும் உட்காரும். பெண்களுக்கு 9 எம்.எம். அதிகம் என்று யாராவது சொன்னால் எஃப்.பி.ஐ.யே அதைவிடப் பெரிய .40 தோட்டாவிலிருந்து 9 எம்.எம்.முக்குத் திரும்பிவிட்டதை எடுத்துச் சொல்லுங்கள். உதை குறைவு, குறி தப்புவதும் குறைவு என்பதும் அதற்கு ஒரு காரணம். கிளாக் 19 சுடுவதற்கு இவை எல்லாவற்றையும் விடச் சுகம், ஆனால் தோட்டாவோடு 850 கிராம், நாள் முழுக்க இடுப்பில் சுமக்க நீங்கள் தயாரா என்று பாருங்கள்.

ஸ்லைடை (தோட்டா ஏற்றப் பின்னால் இழுக்கும் மேல்பாகத்தை) இழுக்க முடியவில்லை என்றால் உடனே சோர்ந்துவிடாதீர்கள், பாதிப் பேருக்கு அது வலுக்குறைவு இல்லை, முறை தெரியாததுதான். விரல் நுனியால் கிள்ளாமல் முழுக் கையால் ஸ்லைடைப் பற்றிக்கொண்டு, பிடித்திருக்கும் கையால் துப்பாக்கியை முன்னே தள்ள வேண்டும். குழலை ஆபத்தில்லாத பக்கம் பார்த்து வைத்து, விரலை ட்ரிக்கருக்கு வெளியே வைத்துத்தான் இதையும் பழக வேண்டும். அப்படியும் முடியாவிட்டால் ஸ்மித் அண்ட் வெஸனின் ஷீல்டு ஈஸி இருக்கிறது, அதன் ஸ்லைடு உண்மையிலேயே இலகு. பழையதாக வாங்கினால் மட்டும் கவனம், 2020இல் தயாரான ஈஸி பிஸ்டல்கள் சிலவற்றில் ஹேமரில் (சுடும்போது அடிக்கும் சுத்தியல் பாகத்தில்) குறை இருந்து நிறுவனமே திரும்ப வாங்கிச் சரிசெய்து கொடுத்தது, வரிசை எண்ணைச் சரிபாருங்கள். எதுவானாலும் வாடகைக்குத் தரும் ரேஞ்சில் நாலைந்தைச் சுட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

ஹேண்ட்பேக் வேண்டவே வேண்டாம். 2014 டிசம்பரில் ஐடாஹோ மாநிலத்தில் ஒரு கடைக்குள், தாயின் ஹேண்ட்பேக்கிலிருந்த துப்பாக்கியை இரண்டு வயது மகன் எடுத்துச் சுட்டதில் அந்தத் தாயே இறந்துபோனார். அது துப்பாக்கிக்கென்றே தனி ஜிப் அறை வைத்த பைதான். திருடன் முதலில் பறிப்பதும் பையைத்தான். உடம்போடு இருக்க வேண்டும், ட்ரிக்கரை முழுக்க மூடும் கெட்டியான ஹோல்ஸ்டரில் (துப்பாக்கி உறையில்) இருக்க வேண்டும். நம் குர்த்தி எதையும் நன்றாக மறைக்கும், ஆனால் நாடா கட்டிய சல்வார் அந்த எடையைத் தாங்காது, இழுத்துக்கொண்டு இறங்கும். ஒன்று, கடைக்குப் போகும் நாளில் ஜீன்ஸும் விறைப்பான பெல்ட்டும், இல்லையென்றால் வயிற்றைச் சுற்றிக் கட்டும் பட்டை. பட்டை வாங்கினாலும் அதில் ட்ரிக்கரை மறைக்கும் கெட்டி உறை இருக்கிறதா என்று பாருங்கள், வெறும் எலாஸ்டிக் பை போதாது. ஹோல்ஸ்டர், பெல்ட், பயிற்சித் தோட்டா மூன்றுக்கும் முதலிலேயே பணம் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் துப்பாக்கியைத் தேடுங்கள்.

டெக்சாஸில் 2021 செப்டம்பர் முதல் 21 வயதானவர்கள் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டு நடக்கலாம், தடை செய்யப்பட்டவர்களுக்கு மட்டும் அது பொருந்தாது. இருந்தும் நீங்கள் எல்டிசி எனும் மாநிலத்தின் கைத்துப்பாக்கி உரிமம் எடுங்கள். பள்ளியைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கியோடு இருப்பதை மத்தியச் சட்டம் தடுக்கிறது, மாநில உரிமம் உள்ளவர்களுக்குத்தான் அதில் விலக்கு. தினமும் குழந்தைகளை விடப் போகும் நீங்கள் இதைக் கவனித்தே ஆக வேண்டும். அந்த உரிமம் இருந்தாலும் பள்ளிக் கட்டடம், தபால் நிலையம், 51% பலகை (வருமானத்தில் பாதிக்கு மேல் அங்கேயே குடிக்கும் மதுவிலிருந்து வருகிறது என்ற அறிவிப்பு) மாட்டிய மதுக்கூடம் ஆகியவற்றுக்குள் கூடாது. வீட்டில் தோட்டா போட்ட துப்பாக்கியை அலட்சியமாக வைத்து, அது குழந்தை கைக்குப் போய்விட்டால் டெக்சாஸில் அதுவே குற்றம்.

அப்புறம், கலெக்‌ஷன் பணத்தைத்தான் கேட்கிறான் என்றால் கொடுத்துவிடுங்கள். முடிந்தால் இரவில் இரண்டு பேராகக் கடையை மூடுங்கள், பணத்தைப் பகலிலேயே வங்கிக்கு அனுப்புங்கள். இதையெல்லாம் செய்த பிறகும் தேவை என்று தோன்றினால்தான் துப்பாக்கி.

இன்னொன்று, ரேஞ்சுக்கென்று ஒரு பையைத் தனியாக ஒதுக்குங்கள். அதை ஊருக்குப் போகும்போது எடுக்கவே கூடாது. பை மூலையில் மறந்துபோன ஒற்றைத் தோட்டா இருந்தாலும் இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வழக்கு வரும், சென்னை விமான நிலையத்தில் நின்றுகொண்டு டெக்சாஸ் சட்டத்தைச் சொல்லிப் பயனில்லை.