விவசாய வாழ்க்கையைப் பற்றிய படத்தில் எல்லா இனத்தவரும் வந்தே ஆக வேண்டுமா? அப்படிச் சேர்த்தால் படம் பிரசாரமாகிவிடாதா?

வந்தே ஆக வேண்டும் என்று யாரும் சட்டம் போட முடியாது. ஆனால் இலங்கையில் எங்கள் மலையகத்தில் கமராவை வைத்துவிட்டு ஒரே இனத்தைத்தான் காட்டுவேன் என்றால், மற்றவர்களை மெனக்கெட்டு விலக்கிவிட்டுத்தான் படம் எடுக்க வேண்டும்.

நான் நுவரெலியாவுக்குக் கிட்ட கந்தப்பளைப் பக்கம். இங்கே கரட், லீக்ஸ், கோவா (முட்டைக்கோஸ்) போடுகிற நிலத்தின் சொந்தக்காரர் சிங்களவராக இருப்பார், சில இடத்தில் தமிழராக இருப்பார். பிடுங்க வருகிறவர்களில் பலர் பக்கத்து எஸ்டேட் லயத்து ஆட்கள், அதாவது தோட்டத் தொழிலாளருக்கான வரிசை வீடுகளில் இருப்பவர்கள். லொறியோடு வருகிறவர் முஸ்லிமாக இருந்தால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். பேரம் பாதி சிங்களத்தில், பாதி தமிழில் நடக்கும். விலை விழுந்த அன்று திட்டும் இரண்டு மொழியிலும் வரும்.

பிரசாரம் ஆவது ஆட்களைச் சேர்ப்பதால் அல்ல, வேலை கொடுக்காமல் சேர்ப்பதால். ஒரு சிங்களச் சிநேகிதன், ஒரு முஸ்லிம் கடைக்காரர், கோயில் திருவிழாவில் எல்லோரும் சிரித்தபடி நிற்பது: கல்யாண வீட்டு குரூப் போட்டோ மாதிரி. யாருக்கு நிலம் இருக்கிறது, யாருக்கு இல்லை என்று கேட்டுப் பாருங்கள், கதை தானாக வரும். 1840ஆம் ஆண்டுச் சட்டம் உறுதிப் பத்திரம் இல்லாத காட்டையும் சேனை நிலத்தையும் (காட்டை வெட்டி எரித்துப் பயிர் செய்யும் நிலம்) பிரித்தானிய முடிக்குரியதாக்கியது. அவற்றில் பல கோப்பித் தோட்டங்களாயின, பிறகு தேயிலைத் தோட்டங்களாயின. கண்டிச் சிங்களக் கிராமத்தவருக்கு அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. அந்தத் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து கூட்டிவரப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கோ 1948இல் குடியுரிமையே இல்லை என்றார்கள். நாடற்றவர்களாக மிஞ்சியிருந்தவர்களுக்கு அது கிடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வீடு கட்ட 7 பேர்ச் (இங்கே காணியை அளக்கும் சின்ன அளவு) காணி என்பது இன்றும் எங்களுக்குத் தேர்தல் வாக்குறுதி. இந்த இரண்டு பேரையும் ஒரே வரப்பில் நிறுத்துங்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கும், அதுதான் சிக்கல்.

இன்னொன்று, பெண்கள். பாட்டுக் காட்சியில் கூடையோடு வந்துபோவதற்கு மட்டும் கொழுந்து பறிக்கும் பெண்ணைக் கூப்பிடுவார்கள். கொழுந்தை நிறுக்கும் மடுவத்துக் காட்சியை ஏன் யாரும் விரிவாக எடுப்பதில்லை என்று எனக்குப் புரிவதே இல்லை. பறித்தது அவள். தராசைப் பார்ப்பதும் புத்தகத்தில் எழுதுவதும் பெரும்பாலும் ஆண்கள். மழை நாளில் தண்ணிக்கு என்று கொஞ்சம், சாக்குக்கு என்று கொஞ்சம் கழிப்பார்கள். தோட்டம் வைத்திருக்கும் கணக்குக்குக் கொழுந்து குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான். காலையிலிருந்து அட்டைக்கடியில் நின்றவள் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அவளுடைய கணவனுக்குக் கவ்வாத்தோ (தேயிலைச் செடியை வெட்டிவிடுவது) மருந்தடிப்போ இருந்தால் அவளுக்கு முன்னமே வேலை முடிந்திருக்கும். அவள் வீட்டுக்குப் போய் அடுப்பையும் மூட்ட வேண்டும். இதைவிடப் பெரிய வில்லன் தேவையா?

சாதியைத் தொடவே மாட்டார்கள். லயத்தில் எல்லோரும் ஒன்று என்று வெளியில் இருந்து பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். தோட்டங்களுக்கு ஆள் திரட்டிக் கூட்டிவந்த பெரிய கங்காணிமாரில் பலர் மேல்சாதிக்காரர்கள், அவர்கள் கூட்டிவந்தவர்களில் பெரும்பங்கு ஒடுக்கப்பட்ட சாதியினர். கோயிலில் தப்படிப்பவர் யார், திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்று ஒரு காட்சி வைத்தாலே போதும்.

பேச்சு பற்றியும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் இருந்து எடுக்கிறவர்கள் இலங்கை என்றாலே யாழ்ப்பாணத் தமிழைப் பேச வைத்துவிடுகிறார்கள். எங்கள் பேச்சு திருச்சி, சேலம், மதுரைப் பக்கத்திலிருந்து வந்து, வழியில் சிங்களத்தையும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டது. வசனம் எழுதுகிறவர் ஒரு வாரம் எந்த லயத்து இஸ்தோப்பிலாவது (திண்ணையில்) உட்கார்ந்து கேட்கட்டும். தேத்தண்ணி கட்டாயம் கிடைக்கும்.