பெங்குலுவில் ஆங்கிலேயர் கோட்டை எப்படி வந்தது?

இந்தோனேசியா என்றாலே டச்சுக்காரர் ஆட்சிதானே, சுமத்ராவின் பெங்குலு மாகாணத்தில் மட்டும் ஆங்கிலேயர் கோட்டை ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். காரணம் மிளகு.

மிளகு வாங்கிவந்த ஜாவாவின் பாண்டனிலிருந்து டச்சுக்காரர்கள் விரட்டிவிட, ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி 1685-இல் இங்கே ஒதுங்கியது. ஒரு பக்கம் இந்தியப் பெருங்கடல், மறுபக்கம் புக்கிட் பாரிசான் மலைத்தொடர். நடுவே ஒடுங்கிய கரை. மலேரியாவில் வெள்ளையர்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். 1714-இல் கட்டத் தொடங்கிய மார்ல்பரோ கோட்டையை மேலிருந்து பார்த்தால் ஆமை போலிருக்கும். வாசலிலேயே ஆங்கிலக் கல்லறைப் பலகைகள் நிற்கின்றன.

ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் செய்துகொண்ட 1824 ஒப்பந்தத்தில் பெங்குலு டச்சுக்காரர் கைக்குப் போனது. மலாக்கா ஆங்கிலேயருக்கு வந்தது. நம் பழவேற்காடும் சதுரங்கப்பட்டினமும் கைமாறியது அதே ஒப்பந்தத்தால்தான்!

மக்களில் ரெஜாங், செராவாய், மலாய் இனத்தார் முக்கியமானவர்கள். ரெஜாங் எழுத்து பல்லவ எழுத்தின் வழிவந்தது. ஆக, நமக்குத் தூரத்துச் சொந்தம். முஹர்ரம் முதல் பத்து நாளும் இங்கே ‘தாபோட்’ விழா. கம்பெனியோடு வந்த இந்தியர்கள் விட்டுப்போன வழக்கம் என்பார்கள்.

பின்னாளில் இந்தோனேசியாவின் முதல் அதிபரான சுகர்ணோவை டச்சு அரசு 1938-இல் நாடுகடத்தி வைத்ததும் இங்கேதான். அப்போது பழக்கமான உள்ளூர்ப் பெண் ஃபத்மாவதியை அவர் பின்னர் மணந்தார். 1945-இல் விடுதலை அறிவித்தபோது ஏற்றிய கொடி, ஃபத்மாவதி தன் கையால் தைத்தது.