சட்டம் கேளுங்கள்: டிவியில் வந்தால் சாட்சியம் ஆகிவிடுமா?

கேள்வி: கொலை செய்ததாக டிவி கேமரா முன்பே ஒருவர் ஒப்புக்கொள்கிறார். ஊரே பார்த்த பிறகும் கோர்ட் அதை ஏன் ஏற்பதில்லை? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: பேசும்போது அவர் யார் பிடியில் இருந்தார் என்பதைத்தான் கோர்ட் முதலில் பார்க்கும். போலீஸ் காவலில் இருப்பவர் தரும் ஒப்புதல் வாக்குமூலம், மாஜிஸ்திரேட் முன்னிலையில் தந்தாலொழிய அவருக்கு எதிராகச் செல்லாது. இப்போதுள்ள சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 23-வது பிரிவு இது. 1872-ம் வருடப் பழைய சாட்சியச் சட்டத்திலும் இதே நிலைதான். மைக்கை நீட்டியவர் நிருபர் என்பதால் காவல் இல்லை என்றாகிவிடாது. பாராளுமன்றத் தாக்குதல் வழக்கில் அஃப்சல் குரு கொடுத்த டிவி பேட்டி போலீஸ் ஏற்பாட்டில் நடந்தது என்று உச்ச நீதிமன்றம் 2005-ல் அதை ஒதுக்கிவிட்டது.

ஒரு விலக்கு உண்டு. காவலில் இருப்பவர் போலீஸிடம், “கத்தியைப் பாலத்துக்கு அடியில் போட்டேன், அதால்தான் குத்தினேன்” என்கிறார். கத்தியும் அங்கே கிடைக்கிறது. போட்ட இடத்தைச் சொன்ன பகுதி மட்டுமே சாட்சியமாகும். குத்தியதைச் சொன்னது ஆகாது. சேனல்கள் திரும்பத் திரும்பப் போடுவதோ அந்த இரண்டாம் பகுதியைத்தான்.

கேள்வி: என் கடை வாசலில் நடந்த வெட்டுக்குத்து சிசிடிவியில் பதிவாகியிருக்கிறது. போலீஸ் வருமுன்பே நிருபர் ஒருவர் பென்டிரைவோடு வந்து கேட்கிறார். தரலாமா? (கடைக்காரர், கரூர்)

பதில்: தராதீர்கள். முதலில் டிவிஆரை, அதாவது சிசிடிவி காட்சிகள் பதிவாகும் பெட்டியை, பத்திரப்படுத்துங்கள். ஹார்டு டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவின்மேலேயே புதியது ஏறிவிடும் என்பதால், அதைப் பார்க்கத் தெரிந்தவரை வைத்துப் பதிவாவதை நிறுத்துங்கள். டிவிஆர் காட்டும் நேரத்தையும் செல்போன் நேரத்தையும் ஒப்பிட்டு வித்தியாசத்தை எழுதி வையுங்கள். கடிகாரம் பத்து நிமிடம் பிந்தியிருந்தாலே குறுக்கு விசாரணையில் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

திரையைச் செல்போனில் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது அடுத்த தவறு. அனுப்பும்போது கோப்பு சுருங்குகிறது. அதன் ஹாஷ் மதிப்பு, அதாவது கோப்பின் டிஜிட்டல் கைரேகை, அடியோடு மாறிவிடும். மின்னணுப் பதிவைச் சாட்சியமாக்க, பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-வது பிரிவின்படி தரவேண்டிய சான்றிதழில் அந்த மதிப்பைக் குறிப்பிட வேண்டும். சான்றிதழின் முதல் பகுதியில் கருவியைப் பராமரிக்கும் நீங்களும், இரண்டாம் பகுதியில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும். டிவிஆரையே போலீஸ் கைப்பற்றினால், மகஜரில் (கைப்பற்றியதை எழுதும் ஆவணத்தில்) அதன் சீரியல் நம்பர் இருக்கிறதா என்று பார்த்து நகல் வாங்குங்கள்.

மூலப் பதிவு யார் கையில் இருக்கிறது என்பது கோர்ட்டுக்கும் முக்கியம். டெல்லியில் பிஎம்டபிள்யூ கார் மோதி ஆட்கள் இறந்த வழக்கையொட்டி சேனல் ஒன்று நடத்திய ரகசியப் படப்பிடிப்பின் மூலப் பதிவு இருந்த மைக்ரோசிப்களைச் சேனலிடமே விட்டுவைத்ததற்காக, உயர் நீதிமன்றத்தின் நடைமுறையையே 2009-ல் உச்ச நீதிமன்றம் குறை சொன்னது.

கேள்வி: கைதானவர் முகத்தை ஏன் மூடுகிறார்கள்? (வாசகி, தென்காசி)

பதில்: முன்பின் தெரியாதவர் செய்த குற்றம் என்றால் அடையாள அணிவகுப்பு நடத்த வேண்டியிருக்கும். ஏறக்குறைய அதே தோற்றமுள்ள மற்றவர்களோடு அவரை நிறுத்தி, மாஜிஸ்திரேட் முன்னிலையில் சாட்சி அடையாளம் காட்டுவார். அதற்குள் முகம் டிவியில் வந்திருந்தால், “டிவியில் பார்த்துத்தானே காட்டினீர்கள்?” என்ற ஒரே கேள்வியில் அது வலுவிழக்கும். நேரில் பார்த்த சாட்சியின் உண்மையான நினைவும் அதோடு வீணாகிறது. அடையாளம் தெரியும்படி படம் போடுவதையும், போலீஸிடம் சொன்னதாகக் கூறப்படும் வாக்குமூலத்தை வெளியிடுவதையும் ஊடகங்கள் தவிர்க்க வேண்டுமென மும்பை உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில் சொல்லியிருக்கிறது.