வேகமாகச் சுழற்றுபவர் டிரைவரை எப்படிச் சோதிப்பது? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

நுவரெலியாவில் இருபது வருடமாகக் கோல்ஃப் மட்டைகளுக்கு கிரிப் (கைப்பிடி) மாற்றுவதும் ஷாஃப்ட் (தண்டு) மாற்றுவதும்தான் என் வேலை. இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் டிரைவர் (பந்தை நெடுந்தூரம் அடிக்கும் நீளமான மட்டை) பற்றியவை, அதுவும் வேகமான கை உள்ள பிள்ளைகளிடமிருந்து. அதனால் அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

நுவரெலியாவில் பை தூக்கும் தம்பி: அண்ணே, கொழும்பில் நான் மட்டை சுழற்றும் வேகத்தை அளந்தபோது மணிக்கு 110 மைல் வந்தது. இரண்டு டிரைவர் அடித்துப் பார்த்தேன். ஒன்றில் பந்து 285 யார்ட் போனது. மற்றதில் 270ஐத் தாண்டவில்லை. முதலாவதை வாங்கலாம்தானே?

தம்பி, அந்த 285 ஒரு பந்து. மிச்சப் பந்துகள் எங்கே விழுந்தன? அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். 110 மைல் வேகம் உள்ளவருக்குத் தூரத்தை எந்த டிரைவரும் புதிதாகக் கொண்டுவந்து தருவதில்லை. அது உங்கள் உடம்பிலேயே இருக்கிறது. டிரைவரைப் பார்க்க வேண்டியது அதன் மோசமான அடியில்தான். உங்கள் வேகத்தில், பந்தில் படும் மட்டையின் முகம் குறியிலிருந்து சில பாகை விலகித் திறந்திருந்தாலே போதும், பந்து மரத்துக்குள் போய்விடும். நம் மைதானத்தில் மரம் எவ்வளவு கிட்ட நிற்கிறது என்பது பை தூக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இப்படிச் செய்யுங்கள். ஒவ்வொரு டிரைவரிலும் பத்துப் பந்து. எதையும் "இது கணக்கில் இல்லை" என்று ஒதுக்கக் கூடாது. மட்டையின் முகத்தில் வெண்கட்டியை உரசிப் பொடி பூசிக்கொள்ளுங்கள். பந்து பட்ட இடத்தில் அதன் குழிகள் வட்டமாக, தேன்கூடு மாதிரி அச்சாகும். அச்சுகள் ஒரே இடத்தில் நெருக்கமாகக் குவிந்திருந்தால் அந்த நீளமும் எடையும் உங்களுக்கு ஒத்துப்போகிறது. முகம் முழுக்கச் சிதறியிருந்தால் எவ்வளவு விலை கொடுத்தாலும் வேண்டாம். முனைப் பக்கம் (ஷாஃப்டுக்குத் தூரமான பக்கம்) பட்ட பந்து இடப்பக்கமும், குதிப் பக்கம் (ஷாஃப்ட் சேரும் பக்கம்) பட்டது வலப்பக்கமும் வளையப் பார்க்கும் (வலக்கையருக்குச் சொல்கிறேன்). முகத்தின் கீழே பட்டால் பந்தின் சுழல் (பின்னோக்கிச் சுற்றும் வேகம்) கூடும், மேலே பட்டால் குறையும். ஒன்று கவனம்: பொடி பூசியபடி சுழலை அளக்காதீர்கள், எண் பொய் சொல்லும். அச்சைப் பார்த்த பிறகு துடைத்துவிட்டு அளவெடுங்கள். பனிமூட்டத்தில் முகம் ஈரமானாலும் இதே கதைதான்.

அடுத்தது பந்தின் வேகம். அதை மட்டையின் வேகத்தால் வகுத்தால் 1.5க்குக் கிட்ட வர வேண்டும். உங்கள் 110க்கு 1.48 வந்தால் பந்து 163 மைல். 1.40 என்றால் 154 மைல்தான். ஒரு மைலுக்கு ஏறக்குறைய இரண்டு யார்ட் என்று வையுங்கள், கிட்டத்தட்ட பதினெட்டு யார்ட் போய்விடுகிறது. மட்டை அதேதான், பட்ட இடம்தான் வேறு.

பல வருடங்களுக்கு முன் ஒரு பையனுக்கு நீளமான ஒரே அடியைப் பார்த்து நானே டிரைவர் தேர்ந்து கொடுத்தேன். இரண்டு மாதம் மரங்களுக்குள் பந்து தேடித் தேடி அவன் விளையாட்டையே விட்டுவிட்டான். அது இன்னும் என் மனதில் கிடக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாகச் சொல்கிறேன்.

பண்டாரவளை ஆசிரியர் ஒருவர்: கொழும்பில் எடுத்த எண்கள் மலையில் செல்லுபடியாகுமா?

நல்ல கேள்வி ஐயா. பந்தின் வேகம், எழும் கோணம், சுழல் ஆகிய மூன்றும் அடித்த கணத்திலேயே தீர்மானமாகிவிடும். எங்கே அளந்தாலும் அவற்றை நம்பலாம். மாறுவது விழும் தூரம். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். கொழும்போடு பார்த்தால் காற்றின் அடர்த்தி இங்கே ஆறில் ஒரு பங்கு குறைவு. அதனால் தூரம் ஆறு, ஏழு வீதம் கூடும். அங்கே 250 போன அடி இங்கே 265 போகலாம்.

ஆனால் காற்று மெலிந்தால் இழுவையோடு சேர்த்துப் பந்தைத் தூக்கும் விசையும் குறையும். பந்து தட்டையாகப் பறக்கும். வேகமான ஆட்கள் லோஃப்டை (மட்டை முகத்தின் சாய்வுக் கோணத்தை) 8 பாகைக்குக் குறைக்க ஆசைப்படுவார்கள். இங்கே அது பெரும்பாலும் தவறு. 9 அல்லது 10.5இல் இருந்து தொடங்குங்கள். இன்னொன்று, வளைவும் இங்கே குறைவாகத் தெரியும். இங்கே சின்னதாக இருந்த ஸ்லைஸ் (வலப்பக்கம் வளைந்து போகும் அடி), திகனவில் விக்டோரியா நீர்த்தேக்கத்துப் பக்கம் உள்ள மைதானத்துக்கு இறங்கியதும் பெரிதாகும். டிரைவர் கெட்டுவிட்டது என்று அங்கிருந்து என்னிடம் கொண்டுவருவார்கள். மட்டையில் ஒரு பழுதும் இருக்காது.

குளிரையும் மறக்காதீர்கள். ஜனவரி விடியலில் பந்து கல் மாதிரி இருக்கும், வேகம் குறையும். காலையில் ஒரு டிரைவரும் மதியம் ஒரு டிரைவரும் அடித்து ஒப்பிடுவது நியாயமில்லை.

ஹட்டனிலிருந்து ஒருவர்: மாமா கனடாவிலிருந்து பழைய டிரைவர் ஒன்று கொண்டுவந்தார். ஷாஃப்டில் எக்ஸ் ஸ்டிஃப் என்று இருக்கிறது. என் வேகம் 106. சரிவருமா?

சரிவரலாம், வராமலும் போகலாம். ரெகுலர், ஸ்டிஃப், எக்ஸ் ஸ்டிஃப் என்று ஏறிப்போகும் ஷாஃப்ட் விறைப்புக்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு கம்பனியின் எக்ஸ் இன்னொன்றின் ஸ்டிஃப் ஆக இருக்கும். மேலேயிருந்து கீழே வரும்போது மட்டையை வெடுக்கென்று திருப்புபவருக்கு 106இலும் எக்ஸ் தேவைப்படும். மெதுவாகத் திருப்பி இறுதியில் வேகம் எடுப்பவருக்கு ஸ்டிஃப் போதும். எழுத்தை விட எடையைப் பாருங்கள். 60 கிராமில் தொடங்குவது நல்லது. பந்து தாழ்வாக வலப்பக்கமே போய், கையில் கம்பி அடித்த மாதிரி அதிர்ந்தால் ஷாஃப்ட் உங்களுக்கு அதிகம்.

அடிக்கும் முன் மட்டையின் தலையைக் காதருகே வைத்து ஆட்டுங்கள். கலகலத்தால் உள்ளே பசை உதிர்ந்திருக்கிறது. மேற்பகுதியிலும் முக ஓரத்திலும் நகத்தால் தடவி வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். முகத்தில் காந்தம் ஒட்டினால் அது டைட்டானியம் இல்லை. டைட்டானியம் என்று எழுதியிருந்தும் ஒட்டினால், போலியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கண்டி வாசகர்: வேகமான ஆட்களுக்குச் சுழலைக் குறைக்கும் டிரைவர் தலைதான் என்கிறார்களே?

எல்லாருக்கும் இல்லை. அந்தத் தலைகளில் எடை முகத்துக்குக் கிட்ட இருக்கும். சுழல் குறையும், அதோடு நடு தவறிய அடியை மன்னிக்கும் குணமும் குறையும். உங்கள் சுழல் நிமிடத்துக்கு 3,000 சுற்றைத் தாண்டுகிறதா? அப்போது முயலுங்கள். ஏற்கெனவே 2,300 அளவில் இருந்தால் தொடவே வேண்டாம். 1,800க்குக் கீழே போனால் பந்து நடுவானில் செத்து விழும்.

இன்னொருவர்: டிரைவரின் நீளம் 48 அங்குலம் போடலாமா?

விதி அனுமதிக்கும் உச்சம் அதுதான். 2022இலிருந்து தொழில்முறைப் போட்டிகளில் 46க்குக் கட்டுப்படுத்தும் உள்ளூர் விதியும் (போட்டி நடத்துபவர் விரும்பினால் போடுவது) இருக்கிறது. என்னைக் கேட்டால் 45. நடுவில் படுவது கூடும்.

தலவாக்கலை அண்ணன்: என் தங்கச்சிக்கு 17 வயது, நல்ல வேகம். கடையில் பெண்களுக்கான டிரைவரைத்தான் காட்டுகிறார்கள்.

அந்த ஒட்டுச்சீட்டைப் பார்க்காதீர்கள். தங்கச்சியின் வேகத்தை அளந்து, அதற்கேற்ற ஷாஃப்டைக் கேளுங்கள். அமெரிக்கப் பெண்கள் தொழில்முறைச் சுற்றில் சராசரியே 94 மைல் அளவில் இருக்கிறது. நம் கிளப்பில் விளையாடும் பல ஆண்கள் அந்த வேகத்தை எட்டுவதில்லை. அவள் 90ஐத் தொட்டால் ரெகுலர் ஷாஃப்ட், 10.5 லோஃப்ட். பத்துப் பந்து அடிக்கச் சொல்லுங்கள். அச்சுகளைப் படம் எடுத்து, எண்களோடு இங்கே போடுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.