கேட்ஜெட் எது, ஆக்சசரி எது? – நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: ஆறு மாதத்துக்கு முன்பு ஒரு பெரிய கடையில் போனும் ஸ்மார்ட்வாட்சும் சேர்த்து வாங்கினேன். பில் போடும்போது 'கேட்ஜெட் பாதுகாப்புத் திட்டம்' என்று 1,499 ரூபாய்க்கு ஒன்றைத் தலையில் கட்டினார்கள். "எது உடைஞ்சாலும் நாங்க பாத்துக்கிறோம் சார்" என்றார் விற்பனையாளர். போன வாரம் வாட்ச் கீழே விழுந்து கண்ணாடி உடைந்துவிட்டது. இப்போது கேட்டால், "வாட்ச் கேட்ஜெட் இல்லை, ஆக்சசரி" என்கிறார்கள். சட்டப்படி கேட்ஜெட் என்றால் என்ன?
– வாசகர், திருச்சி

பதில்: சட்டப்படி அப்படி ஒன்றே இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 பேசுவதெல்லாம் பொருள், சேவை என்ற இரண்டைப் பற்றித்தான். அசையும் சொத்து எதுவானாலும் அதற்குப் பொருள்தான், உணவு உட்பட. வேறு விதிகளைப் புரட்டினாலும் அரசாங்கம் இந்தச் சொல்லின் பக்கம் போகாமல் பட்டியல் போட்டுவிடுகிறது. 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்த மின்கழிவு விதிகளில் 106 வகைச் சாதனங்கள் பெயர் பெயராக இருக்கின்றன. கேட்ஜெட் என்பது கடைக்காரர்களின் சொல். அதற்கு அவர்கள் என்ன அர்த்தம் வைத்திருக்கிறார்கள் என்பது உங்கள் திட்டத்தின் ஒப்பந்தத் தாளில்தான் இருக்கும்.

அந்தத் தாளில் 'வரையறைகள்' என்ற பகுதியை முதலில் படியுங்கள். சிலர் போன், டேப்லெட், லேப்டாப் என்று பெயர் சொல்லியிருப்பார்கள். சிலர் 'கையில் எடுத்துச் செல்லக்கூடிய மின்னணுச் சாதனம்' என்று பொதுவாக எழுதியிருப்பார்கள். அப்படி இருந்தால் உங்கள் வாட்ச் அதற்குள் அழகாக அடங்கும். மணிக்கட்டில் கட்டிக்கொண்டு போவதைவிட வேறு எப்படி எடுத்துச் செல்வது?

சிக்கல் மூன்றாவது வகையில் இருக்கிறது. போனுக்கென்று போடும் திட்டங்கள் பலவும் ஐஎம்இஐ எண்ணோடு கட்டப்பட்டவை. போனில் *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க எண் அது. சிம் வசதி இல்லாத, புளூடூத்தில் மட்டும் ஓடும் வாட்சுக்கு அந்த எண்ணே கிடையாது, சீரியல் எண்தான் உண்டு. உங்கள் திட்டச் சான்றிதழில் போனின் ஐஎம்இஐ மட்டும் இருந்தால், பெயர் என்னவாக இருந்தாலும் நீங்கள் வாங்கியது போன் பாதுகாப்புத் திட்டம் என்றுதான் அவர்கள் வாதாடுவார்கள். வாட்சின் சீரியல் எண்ணும் அதில் இருந்தால் பேச்சே இல்லை, பணத்தைக் கேளுங்கள்.

எண்ணும் இல்லை, வரையறையும் தெளிவாக இல்லை என்றால்? வாசகத்தில் இரண்டு அர்த்தம் வந்தால், அதை எழுதியவருக்கு எதிராகவே பொருள்கொள்ள வேண்டும் என்பது காப்பீட்டு வழக்குகளில் நம் உச்ச நீதிமன்றம் பலமுறை சொன்ன கொள்கை. அப்புறம் இன்னொன்று. நிபந்தனைத் தாளையே உங்கள் கையில் தரவில்லையா? 2019-ல் பாரத் வாட்ச் கம்பெனி வழக்கில் (பெயரில் வாட்ச் இருப்பது தற்செயல், அது திருட்டுக் காப்பீடு பற்றியது), பாலிசிதாரருக்குத் தெரிவிக்காத விலக்கு நிபந்தனை ('இதற்கெல்லாம் பணம் தரமாட்டோம்' என்பது) அவரைக் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. "எது உடைஞ்சாலும்" என்ற வாய்ப்பேச்சை மட்டும் வைத்து ஜெயிப்பது கஷ்டம். 'உங்கள் எல்லா கேட்ஜெட்டுகளுக்கும்' என்று அச்சடித்த நோட்டீஸோ, கடையிலிருந்து வந்த வாட்ஸ்அப் செய்தியோ இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

எங்கே போவது என்பது, திட்டத்துக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. காப்பீட்டு நிறுவனம் என்றால் முதலில் அவர்களிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். நிராகரித்தாலோ, ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களைத் தீர்க்கும் அதிகாரி) கட்டணமில்லாமல் போகலாம். தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னையில். கடையின் சொந்தத் திட்டம் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் போடுங்கள், தமிழிலேயே பேசலாம். அதிலும் தீராவிட்டால் திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையம். பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். பொருளுக்கோ சேவைக்கோ நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார்க் கட்டணம் இல்லை.

கேள்வி: ஆன்லைனில் 'கிச்சன் கேட்ஜெட்' என்று ஒரு காய்கறி வெட்டி வாங்கினேன். கயிற்றை இழுத்தால் வெட்ட வேண்டும். இரண்டாம் நாளே கயிறு அறுந்துவிட்டது. கேட்ஜெட்டுகளுக்கு ரிட்டர்ன் கிடையாது என்கிறார்கள். மின்சாரமே இல்லாத இது எப்படி கேட்ஜெட் ஆகும்?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: தாராளமாக ஆகும், விற்கிறவர் வைத்த பெயர்தானே. ஆனால் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு அவர் தப்ப முடியாது. பழுதான பொருளையோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ திரும்ப எடுக்க மறுக்கக்கூடாது என்று 2020-ன் மின்வணிக விதிகள் விற்பனையாளருக்குச் சொல்கின்றன. 'ரிட்டர்ன் இல்லை' என்பது, வாங்கிய பிறகு மனசு மாறியவர்களிடம் சொல்ல வேண்டிய வசனம். அறுந்த கயிற்றைப் போட்டோ எடுத்து, ஆர்டர் எண்ணோடு அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள்.

கேள்வி: தெருக்கடையில் 400 ரூபாய்க்குப் பவர்பேங்க் கிடைக்கிறது. அது வெறும் ஆக்சசரிதானே, பிராண்டு பார்க்க வேண்டுமா? விமானத்தில் கொண்டுபோகலாமா?
– வாசகர், தாம்பரம்

பதில்: இதை 'வெறும்' என்று சொல்லாதீர்கள். உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி, கெட்டால் தீப்பிடிக்கும். அதனால்தான் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் கட்டாயப் பதிவுப் பட்டியலில் போன், லேப்டாப்போடு பவர்பேங்கும் இருக்கிறது. பொருளின் மேலேயே 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் அதைப் போட்டால் எந்த நிறுவனத்துக்குக் கொடுத்த எண் என்று காட்டிவிடும். எண் இல்லையா, வேறு பெயர் காட்டுகிறதா, வாங்காதீர்கள். பிராண்டைவிட இதுதான் முக்கியம்.

விமானத்தில் கைப்பையில் மட்டும் கொண்டுபோகலாம், செக்-இன் பெட்டியில் கூடாது. 100 வாட்-மணி வரை பொதுவாக அனுமதி உண்டு. அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். கணக்கு எளிது: 20,000 எம்ஏஎச் பவர்பேங்க் என்றால் 20 ஆம்பியர்-மணி, அதை பேட்டரியின் 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட்-மணி. ஆனால் அளவு எதுவும் அச்சடிக்காமல் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் வாங்கி வைத்துவிட வாய்ப்பு அதிகம். 400 ரூபாய்ச் சரக்கில் அச்சு தேய்ந்துபோவது சகஜம், வாங்கும்போதே அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.